ஒன்பதாவது புளியங்கொட்டை

ஓசூரில் என் மகன் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் வியாழக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கிறது. காலை ஷிப்ட் முடித்த பையன்கள் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்துவிடுகிறார்கள். இரண்டு ஒலிபெருக்கி, ஒரு கீபோர்டு, தொண்டை கிழியக் கூப்பாடு. கடவுளுக்குக் காது மந்தம் என்று யாரோ அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள் போலும். போன வாரம் அவர்களில் மூன்று பேர் கீழே இறங்கி வந்து, அடுத்த மாதக் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்றார்கள். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: ‘ஆண்டவரை அவசரமாய்த் தேடிய அந்த நாட்கள்’. முப்பத்துநான்கு வருஷம் உபதேசியார் வேலை பார்த்தவன் என்பதால், தேடோ தேடென்று தேடியிருப்பேன் என்று நம்புகிறார்கள்.

உண்மையில் அந்த முப்பத்துநான்கு வருஷத்தில் கடவுளை அவசரமாகத் தேடிய ஒரே ஒரு ஆளைத்தான் நான் பார்த்தேன். அவன் எங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்ல. சேர வந்தவனை நாங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. மேடையில் சொன்னால் நான் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் அல்லேலூயா போடுவார்கள் என்பதால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

உபதேசியார் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. போதகருக்கு ஒரு படி கீழே. போதகர் செய்ய விரும்பாத எல்லாவற்றையும் செய்கிறவன். இரண்டு வருஷம் பயிற்சிப் பள்ளியில் போட்டுப் புடம்போட்டார்கள். அங்கே நான் கற்றதில் இன்றுவரை மறக்காதது, கண்ணை மூடி ஜெபித்தபடியே கை பிசகாமல் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது. ஐம்பதுகளின் நடுவில், வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஓட்டுக் கோவிலுக்கு என்னை அனுப்பினார்கள். இருபத்துநான்கு வயது. கொஞ்சம் பாட்டு வரும், கையெழுத்து நன்றாக இருக்கும். இந்த உத்தியோகத்துக்கு அது போதும்.

அங்கே போதகராக இருந்தவர் ஆபிரகாம் ஐயர். போதகரை ஐயர் என்று சொல்வது அந்தக் காலத்து வழக்கம். தெற்கத்திக்காரர், வெள்ளைக் கோட்டு, அதன் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை. யாருக்கும் முடியாது என்று சொன்னதும் இல்லை. முடியாது என்பதற்குப் பதிலாக “ஜெபிப்போம்” என்பார். கோவில் ஓடு ஒழுகுகிறது என்றால் ஜெபிப்போம். என் மனைவி பிரசவத்துக்கு நான்கு நாள் விடுப்பு வேண்டும் என்றால் ஜெபிப்போம். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினால், எதிரில் நிற்பவன் எழுந்து போய்விட வேண்டும் என்று அர்த்தம்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவருக்கு ஒரே பிரசங்கம்தான். காலம் குறுகியது, நாளைக்கு என்று தள்ளாதே, இன்றே தேடு, இந்த நிமிஷமே தேடு. “இந்த நிமிஷமே” என்கிறபோது கடிகாரத்தை வெளியே எடுத்து உயர்த்திக் காட்டுவார். சபையில் இரண்டு கிழவிகள் தவறாமல் அழுவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை தூங்குவார். ஞாயிறு என்றில்லை, எல்லா நாளும் அந்த மூன்று மணி நேரம் அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டக் கூடாது. பரலோகமே இறங்கி வந்தாலும் வாசலில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானம், மா பூத்திருந்த சமயம், கோவில் முன்னால் ஒரு கட்டைவண்டி வந்து நின்றது. இறங்கியவன் பெயர் திம்மராயன். முப்பது வயதிருக்கும். பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரரிடம் வண்டி ஓட்டுகிறவன். தெலுங்கில் எண்ணுவான், மாட்டைக் கன்னடத்தில் திட்டுவான், எங்களோடு தமிழில் பேசுவான். படி ஏறாமல் கீழேயே நின்றுகொண்டு, உங்கள் சாமியிடம் பேச வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்றான். ஐயரைக் கேட்க வேண்டும் என்றேன். ஐயர் எங்கே என்றான். தூங்குகிறார், நாலு மணிக்கு வா என்றேன். அவன் போகவில்லை. வண்டி நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாலு மணிவரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐயர் எழுந்து முகம் கழுவி வந்ததும் அவன் சொன்னது இதுதான்: “எங்க சித்தப்பன் மகன் முனிராஜு சேலம் செயில்ல இருக்கானுங்க. மாங்கா எறங்கறப்ப வெளிய வர்றான். அவன் வர்றதுக்குள்ள சாமிகிட்ட நான் பேசி முடிச்சாகணும்.”

ஐயர் மகிழ்ந்துபோனார். தேடி வருகிறவர்களுக்கென்று எங்களிடம் ஒரு முறைமை இருந்தது. தேடுவோர் பட்டியலில் பெயரை எழுத வேண்டும். அன்றிலிருந்து ஒரு வருஷம் ஆராதனைக்கு வர வேண்டும். பத்துக் கற்பனையும், அதாவது வேதத்தில் உள்ள பத்துக் கட்டளையும், மற்ற பாடங்களும் மனப்பாடமாக வேண்டும். பரீட்சையில் தேறினால் ஞானஸ்நானம். இதை விளக்கியபோது திம்மராயன் விரல்விட்டுத் தெலுங்கில் எண்ணிப் பார்த்தான். “வருஷமா? அவன் அஞ்சு மாசத்துல வந்துடுவானுங்களே” என்றான். தேவன் அவசரப்படுகிறவர் அல்ல தம்பி என்றார் ஐயர். கடிகாரத்தை உயர்த்தி ‘இந்த நிமிஷமே’ என்று அவர் முழங்கி அப்போது நாலு நாள்தான் ஆகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முறைமையை நானும் அப்படியே நம்பினேன்.

ஏன் பேச வேண்டும், என்ன பேச வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் அவனைக் கேட்கவில்லை. பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கற்பனைகளைச் சொல்லிக்கொடுக்க நான் வைத்திருந்த வழி புளியங்கொட்டை. பத்துக் கொட்டைகளை வரிசையாகத் தரையில் வைப்பேன். ஒன்று சொன்னால் ஒரு கொட்டையை நம் பக்கம் தள்ள வேண்டும். பத்தும் வந்துவிட்டால் பாடம் முடிந்தது. இந்த முறையில் வேறு எந்த உபதேசியாரையும்விட விரைவாக ஆட்களைத் தேற்றிவிடுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. திம்மராயன் ஏழு நாளில் எட்டுக் கொட்டையைத் தள்ளினான். எட்டாம் நாள் பத்தாவதையும் தள்ளினான். ஒன்பதாவது மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

சந்தைக்குப் போகும்போது வருவான், திரும்பும்போது வருவான். வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து கொட்டைகளை எடுத்து வைக்கச் சொல்வான். எட்டுவரை கடகடவென்று வரும். அப்புறம் வியர்க்கும். கை ஒன்பதாவதைத் தாண்டிப் போய்ப் பத்தாவதைத் தள்ளும். நான் மெனக்கெட்டு ஒன்பதாவதைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தேன். ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். வெண்டைக்காய் தின்னச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் ஐயர் சோதித்தபோதும் அதே இடத்தில் நின்றுவிட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்களும் சிரித்தார்கள், அடக்க வேண்டிய நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போகும் முன் என்னிடம் வந்து, மற்ற ஒன்பதையும் சுத்தமாகச் சொன்னால் அந்த ஒன்றை விட்டுக்கொடுப்பார்களா என்று கேட்டான். இது குந்தாரப்பள்ளிச் சந்தை இல்லையப்பா பேரம் பேச, பத்தென்றால் பத்துதான் என்றேன்.

எங்கள் முறைமையில் ஒன்பதாவது கற்பனை என்னவென்றால், அடுத்தவனுக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொல்லக் கூடாது என்பது. இதைப் படிக்கிற நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். பயிற்சி பெற்ற எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதுவும் தோல் வியாபாரி காசிம் பாய் சொல்லித்தான் தெரிந்தது.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு நடக்கும் இடத்துக்குப் பின்னால் காசிம் பாய் தோல் வாங்கிக்கொண்டிருப்பார். நான் போனால் டீ வாங்கிக் கொடுத்து எங்கள் வேதத்தில் குறுக்குக் கேள்வி கேட்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அன்று நான் திம்மராயனின் மண்டையைப் பற்றிப் புலம்பினேன். ஒன்பதாவது என்னவென்று கேட்டார். சொன்னேன். டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவனுக்கு ஞாபகம் இல்லாம இல்ல வாத்தியாரே. மறக்க முடியாமதான் உங்ககிட்ட வந்து நிக்கறான்” என்றார்.

பிறகு சந்தை முழுவதும் அறிந்த கதையை எனக்கும் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் பண்ணைக்காரரின் வைக்கோல் போர் எரிந்தது. கூலித் தகராறில் முனிராஜு அவரோடு முறைத்துக்கொண்டிருந்த நேரம். பழியை அவன் தலையில் கட்டிவிட அவருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. திம்மராயன் கூண்டிலேறி, முனிராஜு கொள்ளியோடு ஓடியதைக் கண்ணால் கண்டேன் என்றான். அன்று அவன் அந்தப் பக்கமே இல்லை, குந்தாரப்பள்ளியில் பருத்திக்கொட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். முனிராஜு சிறைக்குப் போனான். பண்ணை வண்டி திம்மராயன் கைக்கு வந்தது.

நான் மூச்சிரைக்க ஐயரிடம் ஓடினேன். நல்லவேளை, மணி நாலரை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஐயர் நெடுநேரம் கடிகாரச் சங்கிலியை உருட்டிக்கொண்டிருந்தார். கோவில் சுற்றுச்சுவருக்கு வேண்டிய கருங்கல்லைப் பண்ணைக்காரர் தன் குவாரியிலிருந்து இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்த சமயம் அது. பாதிச் சுவர் எழும்பியிருந்தது. பாவ அறிக்கை ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம் செய்ய வேண்டியது, அதற்கு இன்னும் எட்டொன்பது மாதம் இருக்கிறது, முறைமையைக் குழப்ப வேண்டாம் என்றார். கடைசியில் அந்த வார்த்தையையும் சொன்னார். கண்ணையும் மூடினார்.

நான் அவரைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் செய்தது அதைவிடக் கேவலம். திம்மராயனைத் தனியே கூப்பிட்டு, எல்லாம் கேள்விப்பட்டேன் என்று சொல்லி, ஒரு யோசனையும் கொடுத்தேன். பரீட்சையில் மற்றவர்களோடு சேர்ந்து கூட்டமாகச் சொல்லும்படி நான் ஏற்பாடு செய்கிறேன், ஒன்பதாவது வரும்போது நீ வாயை மட்டும் அசைத்துவிட்டுக் கொட்டையைத் தள்ளிவிடு, யாருக்கும் தெரியாது என்றேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

அவன் கோபப்படவில்லை. “சாமி வாயத்தான் பாக்குமா வாத்தியாரே?” என்று கேட்டான். விஷயம் தெரியாததால் கேட்பவன் போலத்தான் கேட்டான். நான் அந்தக் கேள்வியை அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்று தள்ளிவைத்தேன்.

மாங்காய் இறங்கத் தொடங்கியது. வேப்பனப்பள்ளிச் சாலையில் வண்டி வண்டியாகக் கூடைகள் போயின. ஒரு முதல் ஞாயிறு. ஐயர் வழக்கமான பிரசங்கத்தில் கடிகாரத்தை உயர்த்தி, இந்த நிமிஷமே தேடு என்றார். இரண்டு கிழவிகளும் அழ ஆரம்பித்தார்கள். கதவோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த திம்மராயன் எழுந்து நடுவே நடந்து முன்னால் வந்தான். துண்டு முடிச்சை அவிழ்த்துப் பத்துப் புளியங்கொட்டைகளைப் பலிபீடத்துப் படியில் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளினான். எட்டு முடிந்தது. கோவிலில் இரண்டொரு பேர் வழக்கம்போலச் சிரிக்கத் தயாரானார்கள். அவன் ஒன்பதாவதின் மேல் விரலை வைத்தான்.

“பொய்ச் சாட்சி சொல்லக் கூடாது. நான் சொன்னனுங்க. முனிராஜு நெருப்பு வெச்சத நான் பாக்கல. பாத்தன்னு கோர்ட்டுல சொன்னேன். பண்ணைக்காரரு வண்டி குடுத்தாரு.”

கொட்டையைத் தள்ளினான். அது படியிலிருந்து உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

மாதம் தவறாமல் தேடு தேடு என்று சொல்லப்பட்ட ஒரு கூட்டத்தில் ஒருவன் தேடிக் காட்டினால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஐயருக்கு மட்டும் தெரிந்திருந்தது. கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். “ஆராதனை முறைமையில் இதற்கு இடமில்லை தம்பி. புதன்கிழமை கூட்டத்துக்கு வா. ஜெபிப்போம்” என்றார்.

“புதன்கெழமையா? அவன் செவ்வாக்கெழமை வர்றானுங்க” என்றான் திம்மராயன்.

ஐயர் என் பக்கம் திரும்பி, பாட்டு என்றார். நான் பாடினேன். சுருதி பிசகாமல், நாலு சரணமும் பாடினேன். இரண்டாவது சரணத்தில் திம்மராயன் வெளியே போவதைப் பார்த்தேன். மூன்றாவதில் ஜன்னல் வழியாக அவன் மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுவது தெரிந்தது. பண்ணை வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவன் கிருஷ்ணகிரி ரோட்டைப் பார்க்க நடந்தான். ஆராதனை குறித்த நேரத்தில் முடிந்தது.

மீதியைக் காசிம் பாய் சொல்லித்தான் அறிந்தேன். தோல் விஷயமாகச் சேலம் போனவர் அந்தச் செவ்வாய்க்கிழமை இருவரோடும் ஒரே பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். சிறை வாசலில் முனிராஜு வெளியே வந்ததும் திம்மராயன் எதிரே போய் நின்று, காவலர்கள் கேட்க எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். முனிராஜு ஒரு அறை விட்டான். திம்மராயனின் தலைப்பாகை கழன்று விழுந்ததாம். அதை முனிராஜுவே எடுத்துக் கொடுத்து, பசிக்கிறது என்றானாம். இரண்டு பேரும் பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிட்டார்கள். பஸ்ஸில் திம்மராயன் முனிராஜுவின் தோளில் சாய்ந்து கிருஷ்ணகிரி வரை தூங்கிக்கொண்டு வந்தான், வாய்கூட மூடவில்லை என்று சொல்லிச் சிரித்தார் காசிம் பாய்.

பண்ணை வேலை போயிற்று. அண்ணன் தம்பி இருவரும் குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் பிடித்துக் கேழ்வரகு போட்டார்கள். சுற்றுச்சுவரும் பாதியோடு நின்றது.

இரண்டு மாதம் கழித்து மிஷன் மேலாளர் வருகிறார் என்று கடிதம் வந்தது. அந்த வருஷம் எங்கள் கோவிலில் ஒரு ஞானஸ்நானம்கூட நடந்திருக்கவில்லை. ஐயர் மத்தியானம் இரண்டு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் அந்த நேரத்தில் விழித்திருந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். முறைமை மனிதனுக்காகத்தானே, திம்மராயனுக்கு இந்த ஞாயிறே கொடுத்துவிடலாம், உடனே போய் அழைத்துவா என்றார். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். கேழ்வரகு வயலில் இருவரும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். திம்மராயன் முதுகை நிமிர்த்திக் கைமண்ணைத் தட்டினான்.

“வருஷம் ஆகணும்னீங்களே. இன்னும் அஞ்சு மாசம் இருக்குதுங்க. ஆகட்டும். எனக்கு இப்ப அவசரம் இல்லீங்க” என்றான். முனிராஜு எனக்குக் குடிக்க மோர் கொடுத்தான்.

மேலாளர் வந்தார். பட்டியலைப் புரட்டி, இந்தத் திம்மராயன் ஏன் இன்னும் தேறவில்லை என்று கேட்டார். ஐயர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பலிபீடத்துப் படியில் நடந்ததைச் சொல்ல வேண்டும், புதன்கிழமையைச் சொல்ல வேண்டும், நான் பாடிய நாலு சரணத்தைச் சொல்ல வேண்டும். “அவனுக்கு ஆர்வம் போதாது ஐயா” என்றேன். அப்படியானால் அதை எழுதிப் பெயரை அடித்துவிடுங்கள் என்றார். எழுதினேன். அழகான கையெழுத்து என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மா மறுபடி பூத்தது. சரியாக ஒரு வருஷம் முடிந்த நாளில் திம்மராயன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, முனிராஜுவையும் கூட்டிக்கொண்டு வந்தான். பத்துக் கொட்டையையும் தயங்காமல் தள்ளினான். ஐயர் பட்டியலை விரித்து, பெயர் அடிபட்டிருப்பதைக் காட்டினார். காரணத்தையும் வாசித்தார். முதலிலிருந்து ஒரு வருஷம் ஆக வேண்டும், மேலாளர் உத்தரவு என்றார். முனிராஜுவுக்கு முகம் சிவந்துவிட்டது. யார் எழுதியது என்று கேட்டான். ஐயர் பட்டியலை மூடினார். நான் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். ஒன்பதாவது கொட்டையையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

திம்மராயன் என்னைப் பார்த்தான். அவனுக்கு எழுத்துத்தான் தெரியாது.

“பரவால்ல வாத்தியாரே” என்றான். “அதச் சொல்றது கஷ்டந்தான். எனக்குத் தெரியும்.”

அவன் மறுபடி பட்டியலில் பெயர் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனாலும் நான் அந்த ஊரில் இருந்த மற்ற ஆறு வருஷமும் ஞாயிறு தவறாமல் வந்து கதவோரம் உட்கார்ந்தான். அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து நேரத்தில், ஞானஸ்நானம் பெறாதவன் என்பதால், எழுந்து வெளியே போய் எல்லோருடைய மாடுகளுக்கும் தண்ணீர் காட்டுவான். என்னைப் பார்த்தால் சிரிப்பான். எனக்கு அடுத்தடுத்துப் பெரிய சபைகள் கிடைத்தன. ஓய்வுபெற்றபோது சால்வை போட்டு, உண்மையுள்ள ஊழியக்காரன் என்று வாசித்தார்கள். அவன் இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டதாக முனிராஜு ஆள் அனுப்பினான். சபையில் சேர்க்கப்படாதவனுக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பதால் சொந்த நிலத்தில் புதைத்திருக்கிறார்கள்.

எனவே தம்பிகளே, நான் மேடைக்கு வரவில்லை. கடவுளைத் தேடியவனுக்கு ஆர்வம் போதாது என்று எழுதியது நான்தான். அது பொய்ச் சாட்சி. அவனுக்கு அதைச் சொல்ல ஐந்து மாதம் பிடித்தது. எனக்கு நாற்பது வருஷம்.